இருமலுக்கு மட்டும் ஊசி

கண்ணு,

நீ ஏறிய பஸ் இந்நேரம் வளைவுகளை எல்லாம் இறங்கி அடிவாரத்தைத் தாண்டியிருக்கும். நீ ரயிலில் பம்பாய் போய்ச் சேர்வதற்குள் இந்தக் கடிதமும் தபாலில் புறப்பட்டுவிட வேண்டும் என்று அடுப்பைக்கூட மூட்டாமல் உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறும்போது, "எல்லாரும் என்னைக் கிண்டல் பண்ணினாங்க, நீ ஒரு வார்த்தை பேசலையேம்மா" என்று கேட்டாய். பத்துப் பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எட்டாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி ஒரு பாட்டைச் சொல்லச் சொன்னார். நன்றாகத் தெரிந்த பாட்டு. ஆனாலும் வாய் திறக்கவில்லை. மறுநாள் வயிற்றுவலி என்றேன், அதற்கு மறுநாளும் அதையே சொன்னேன், அப்படியே பள்ளிக்கூடம் நின்றுபோனது. பேச வராதவளுக்கு எழுதவாவது வருகிறதே என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் டீக்கடையில் நீ பேசும்போது நான் சர்க்கரை வாங்க வந்து, உன் பின்னாலேயே நின்றிருந்தேன். எவ்வளவு ஆசையாக ஆரம்பித்தாய். நீ சேரப் போகிற ஆராய்ச்சிக்கூடத்தில் சின்னச் சின்ன ஈக்களை வளர்த்து, உடம்புக்கு ஏன் வயதாகிறது என்று பார்க்கிறார்கள், ஒருநாள் மனிதர்களும் நூற்றைம்பது வருடம் திடமாக இருக்கலாம் என்று சொன்னாய். கடையே கைதட்டும் என்று எதிர்பார்த்திருப்பாய். முதலில் வாயைத் திறந்தவள் நம் ராக்கம்மா அத்தை. "ஏஞ்சாமி, நூத்தம்பது வருசமும் காப்பிப் பழம் பறிக்கறதா? நடுவுல லீவு கீவு உண்டா?" என்றாள். கடை முழுக்கச் சிரித்தது. ஜீப் ஓட்டுகிறவர் சும்மா இருப்பாரா. "ஏனுங் தம்பி, என்ற மாமனாரு நூத்தம்பது வருசம் இருந்தா என்ற கதி என்னாகறது? அவருக்கு மட்டும் குடுக்காத மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க" என்றார்.

நீயும் சிரித்துவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். எழுந்து நின்று வாதாட ஆரம்பித்தாய். வாழ்க்கை அருமையானது, காலையில் பனி விலகும்போது மலையைப் பாருங்கள் என்றாய். "மூட்டை தலைல இருக்கறப்போ காலைத்தான் சாமி பாக்க முடியும்" என்றது ஒரு குரல். பேரன் பேத்திகள் வளர்வதைப் பார்க்கலாமே என்றாய். "என்ற பேரன் சேலத்துல இருக்கான். ரெண்டு வருசமா மூஞ்சியக் காட்டல. இன்னும் அம்பது வருசம் அவன் வராததைப் பாக்கணுமா?" என்றது இன்னொரு குரல். நீ ஒன்று சொல்லச் சொல்ல அவர்கள் இரண்டு சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில், சிரித்துக்கொண்டு கடைக்கு வந்த ஜனம் முழுவதும் தங்கள் வாழ்க்கை நஷ்டம் என்று தாங்களே நிரூபித்துவிட்டு, முகம் வாடி எழுந்து போனது. கடைக்காரர்கூடப் பெருமூச்சு விட்டுக்கொண்டு பால் பாத்திரத்தை மூடினார்.

வீட்டுக்கு வந்து நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "நம்ம ஜனங்களுக்கு வாழவே ஆசை இல்லைம்மா. முதல்ல வாழ்க்கை வாழத் தகுந்ததுன்னு இவங்களை நம்ப வைக்கணும். அப்பறந்தான் ஆயுசைக் கூட்டறதைப் பத்திப் பேசணும்." அன்றே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாய். வாழ்க்கை ஏன் நல்லது என்று. பம்பாயில் போகிற இடத்தில் எல்லாம் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கப் போவதாகச் சொல்லி, ஒரு பிரதியை நான் படிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அதைப் பேச்சின் முன்னால் வைக்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏனென்றால் உன் வயதுகூட ஆகாதபோது நானும் அப்படி ஒரு காகிதம் எழுதினேன். அதனால் ஓர் உயிர் போகப் பார்த்தது. இதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அப்பா லாரியில் கிளீனராகப் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். என்னைப் பார்த்துக்கொண்டது அப்பாவின் அக்கா ராக்கம்மா அத்தைதான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பள்ளிக்கூடம் போகாத பெண் சும்மா இருக்கக் கூடாது என்று, எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஊசிகளைக் கழுவிக் கொதிக்க வைக்கிற வேலையை அவள்தான் கேட்டு வாங்கித் தந்தாள். யாரிடமும் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்கும் பிடித்திருந்தது. அத்தைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புருசன் எங்கோ போய்த் திரும்பவில்லை. ஒரே பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. ஆனால் அவள் இருக்கிற வரிசையில் பழம் பறிக்கத்தான் எல்லாரும் போட்டி போடுவார்கள். அவள் வாயிலிருந்து வருவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கூடை நிறைந்துவிடும்.

அந்த வருடம் மார்கழியில் பறிப்பு நடக்கிறபோது அவளுக்கு இருமல் வந்தது. சேலத்தில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார்கள். மூன்று மாதம் தினமும் ஊசி, பிறகு ஒன்றரை வருடம் மாத்திரை, விடாமல் போட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று கம்பவுண்டர் சொன்னார். அத்தை கையை விரித்துவிட்டாள். "போதுங்க. பங்குனி தாண்ட மாட்டேன், விடுங்க" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, சாமான்களைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். முட்டைக் கோழி இரண்டும் எதிர் வீட்டு மாரியம்மாளுக்கு. கம்பளியும் குடையும் கடைசி வீட்டுக்கு. பித்தளைக் குடம் எனக்கு. குழாயடியில் தன் குடம் வைக்கிற இடத்தைக்கூட ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள்.

கம்பவுண்டர் சமவெளியிலிருந்து மலையேறி வந்த கீழ்நாட்டுக்காரர், பேச்சில் பிரியமுள்ளவர். தினமும் சாயங்காலம் அத்தையின் வாசலுக்கு வந்து, மனிதப் பிறவி எவ்வளவு அரியது என்று அரை மணி நேரம் பேசுவார். "அரிய பொறப்புங்கறீங்க. அதைக் கொண்டாந்து லைன் ஊட்டுல எதுக்குங்க போட்டாரு ஆண்டவன்?" என்பாள். உயிர் இனிது என்பார். "உங்க ஊட்டுக்காரம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றீங்களா?" என்பாள். அவர் தோற்றுப்போய் என்னைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன். அத்தையும் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை என்பது நெஞ்சில் கல்லாக இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

அதனால்தான் எழுதினேன். பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, வாழ்க்கை நல்லது என்பதற்கு முப்பத்திரண்டு காரணம் எழுதினேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது என்பது எழுதி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வேறு வழியில்லாமல் அவள் எதிரில் உட்கார்ந்து, தாளை விட்டுத் தலையைத் தூக்காமல் படித்தேன். முதல் மழைக்குப் பிறகு காப்பிப் பூ வாசம் என்று படித்தேன். "அது பூத்த வாரந்தான் உம் மாமன் பஸ் ஏறிப் போனாரு" என்றாள். பலாப்பழம் என்று படித்தேன். "என்ற பொண்ணு கடைசியா அதுதான் வேணும்னு அழுதா. வாங்கியாரதுக்குள்ள போயிட்டா" என்றாள். அந்தக் குழந்தையைப் பற்றி அவள் பேசி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒன்று வந்தது. இருபதாவதோடு நிறுத்திவிட்டேன். அத்தை தாளை வாங்கித் தடவிப் பார்த்தாள். "இத்தனை இருக்குதுன்னு எனக்கே தெரியாம இருந்துது பாரு கண்ணு" என்றாள். அன்று படுத்தவள் இரண்டு நாள் எழவில்லை, கஞ்சியும் குடிக்கவில்லை.

அதற்கு முன்பும் அவள் "போதும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அது, பந்தியில் இலையை மறித்துச் சொல்கிற "போதும்". கொஞ்சம் சிரித்துப் பேசினால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்கள். என் காகிதம்தான் அவளைக் கூண்டில் ஏற்றி, உன் வாழ்க்கை நல்ல வாழ்க்கைதானா சொல் என்று கேட்டது. கேட்டால் சொல்லத்தானே செய்வாள். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த முப்பத்திரண்டில் பாதி கம்பவுண்டர் சொல்லிக் கேட்டது. யார் முகத்தையும் பார்க்கப் பயந்து ஊசி கொதிக்கிற பாத்திரத்தின் பின்னால் ஒளிந்திருந்த பெண்ணுக்கு, வாழ்க்கை இனிது என்று எங்கிருந்து தெரியும்?

மூன்றாம் நாள் காலை கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். எதையும் பேசக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அத்தை மெல்ல எழுந்து உட்கார்ந்து, "கம்பவுண்டரு இன்னிக்கு என்ன பிரசங்கம் வெச்சிருக்காரு?" என்று கேட்டாள். கேட்டவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதி வருவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. ஆளை இரண்டாக மடக்கி, கண்ணில் நீர் வரும்வரை விடவில்லை. மூச்சு திரும்பியதும், "சிரிக்கக்கூட உடமாட்டீங்குது சனியன்" என்றாள்.

"ஊசி போட்டா இருமல் நிக்குமுங்க அத்தை" என்றேன்.

"உசுரு நிக்கறதுக்கில்ல அந்த ஊசி?"

"இருமலும் நிக்குமுங்க."

"அப்படின்னா இருமலுக்கு மட்டும் போடச் சொல்லு. உசுருப் பேச்சை எடுத்தா எந்திரிச்சு வந்துருவேன். பங்குனியில சாகறது சாகறதுதான். இருமாம சாகறேன்" என்றாள்.

கம்பவுண்டரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. முதல் நாள் ஊசியை ஏற்றிக்கொண்டே அவர், "அம்மா, மனித உயிர் என்பது" என்று ஆரம்பித்தார். நான் பாத்திர மூடியைக் கீழே போட்டேன். அவர் என்னைப் பார்த்து, எச்சிலை விழுங்கி, "இருமல் ரொம்ப மோசமான வியாதிங்க" என்று முடித்தார். அதற்குப் பிறகு தினமும் அத்தை கேட்பாள், "இருமலுக்குத்தானுங்களே?" அவரும் சொல்வார், "இருமலுக்கேதானுங்க." பேச முடியாமல் அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்தால், அவருக்கும் ஓர் ஊசி போடலாம் போலிருக்கும்.

ஒரு மாதத்தில் இருமல் குறைந்தது. உடம்பில் சதை பிடித்தது. மாசி மழை வந்தபோது அத்தை கடைசி வீட்டு வாசலில் போய் நின்று, "குடையை ஒரு ரெண்டு நாளைக்குக் குடு, தந்துடறேன்" என்றாள். தன் குடையையே கடன் கேட்டாள். குளிர் என்று கம்பளியையும் கேட்டாள். குழாயடியில் தன் பழைய இடத்தில் சும்மா நிற்பது போல நின்று, குடத்தைக் காலால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். பித்தளைக் குடத்தை நான் கேட்காமலே கொண்டுபோய் வைத்துவிட்டேன். கோழி விஷயம்தான் சண்டையில் முடிந்தது. அதற்குள் மாரியம்மாள் அடை வைத்ததில் எட்டுக் குஞ்சு பொரித்திருந்தது.

"ராக்கக்கா, நீ சாகறேன்னு சொல்லித்தான குடுத்த?" என்றாள் மாரியம்மாள்.

"ஆமா, சொன்னேன்."

"எப்ப சாவ, நாளைச் சொல்லு. அதுவரைக்கும் கோழி உங்கிட்ட இருக்கட்டும்."

"நாளெல்லாம் எப்படிச் சொல்றது? கம்பவுண்டருக்கே தெரியல."

"கோழியை எடுத்துக்க. குஞ்சு என்னுது. அடை வெச்சது நானு."

"முட்டை போட்டது யாரு கோழி?"

லைன் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் முட்டை பக்கம், பாதிப் பேர் அடை பக்கம். எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர்வரை பஞ்சாயத்து போய், அவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இந்தச் சந்தடியில் பங்குனி மாதம் வந்ததும் போனதும் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த அத்தை வாயைத் திறக்கவில்லை.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நானும் அவளும் நடந்தே மலையேறினோம். ஊசி எல்லாம் முடிந்து மாத்திரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். மத்தியான மாத்திரையை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"ஏம்புள்ள, இருமல்தான் நின்னு ஒரு மாசமாச்சே. இது எதுக்கு?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று தெரியும். ஒன்றரை வருட மாத்திரையை நடுவில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்று கம்பவுண்டர் என்னிடம் சொல்லியிருந்தார். இருமலுக்கு என்று இனிமேல் சொல்ல முடியாது. பொய் சொல்லவும் எனக்கு வரவில்லை.

"உசுருக்குத்தானுங்க அத்தை" என்றேன்.

"ஓ" என்றாள். ஜனங்கள் எங்களைத் தாண்டி ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். "அன்னிக்கு எழுதிட்டு வந்து படிச்சியே, அதெல்லாம் நெசமா? உனக்கு இந்தப் பொழப்பு அத்தனை இனிக்குதா?"

"பாதி கம்பவுண்டர் சொன்னதுங்க. இனிக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியலைங்க அத்தை."

"பின்ன எதுக்கு என்னை இழுத்துப் புடிச்சிட்டிருக்க?"

நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு யாரும் இல்லை என்பது தொண்டைவரை வந்தது. அதைச் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பதிலாக, அந்தக் காலையிலிருந்து என் மனதில் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்த ஒன்று வாயில் வந்துவிட்டது. "நாம ஊட்டுக்குப் போறதுக்குள்ள மாரியம்மாக்கா குஞ்சுகளைக் குடுத்தனுப்பறாங்களா இல்லையான்னு பாக்கணுங்க" என்றேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பாறையைக் கையால் தட்டித் தட்டிச் சிரித்தாள். போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இதோ வரும், இதோ வரும் என்று இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. "அவ குடுக்க மாட்டா. எனக்குத் தெரியும், நாலாச்சும் வாங்காம உடறதில்ல" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். மாத்திரையைக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் முடியும்வரை அதற்குப் பிறகு அவள் எதுக்கு என்று கேட்கவே இல்லை. குஞ்சு, நான்கும் நான்குமாகப் பிரிந்தது.

கண்ணு, நான் எட்டாவதோடு நின்றவள். உன் ஈக்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும். ஆனால் டிஸ்பென்சரியில் மூன்று வருடம் இருந்தேன். காய்ச்சலோடு வருகிற ஒருவரையும் கம்பவுண்டர், நீ இருந்து என்ன செய்யப் போகிறாய் சொல், பிறகு மருந்து தருகிறேன் என்று கேட்டதில்லை. வாழ்க்கை நல்லதுதான் என்று தீர்ப்பு வந்த பிறகுதான் மருந்து என்றால், பாதி ஊர் மருந்து வாங்காமலே திரும்பிப் போகும். அதற்காக அவர்களுக்கு வாழ ஆசை இல்லை என்று நீ நினைத்துவிடாதே. ராக்கம்மா அத்தை உன்னிடம் நடுவில் லீவு உண்டா என்றுதானே கேட்டாள்? லீவு கேட்கிறவள் வேலையை விட்டுப் போகிறவள் இல்லை. மூட்டை கனக்கிறது, பேரன் வரவில்லை என்று அவர்கள் சொன்னதும் நிஜமான குறைதான். அது மூட்டையைப் பற்றிய குறை, பேரனைப் பற்றிய குறை. வருடங்களின் மேல் யாருக்கும் கோபம் இல்லை. நீ அதை மறுத்துப் பேசியதால்தான் அவர்கள் வருடங்களின் மேலேயும் கோபப்பட்டார்கள். உடம்பில் எங்கே வலிக்கிறது என்று முதலில் கேள். அதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது என்று சொல். அதனால் ஆயுசும் கூடும் என்றால் அதையும் மறைக்காமல் சொல். ஊசி போட்ட மூன்று மாதமும் உயிர்ப் பேச்சை எடுக்காமல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது சரிதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. வாழ்வது நல்லதுதானா என்று யாராவது உன் முகத்தைப் பார்த்து நிஜமாகவே கேட்டால், அப்போது பதில் சொல்லாமல் தப்பிக்காதே. நான்கு பக்கம் வேண்டாம். உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல், தெரியவில்லை என்றால் அதையும் சொல்.

அந்த நான்கு பக்கத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. நீ எதையெல்லாம் விரும்புகிறாய் என்று அதில் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் நான் சுடுகிற ராகி அடை இருப்பதைப் பார்த்தேன். பெட்டியில் வைத்துக்கொள். மனசு சரியில்லாத நாளில் நீ படிக்க உதவும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ராக்கம்மா அத்தை வந்து வாசற்படியில் உட்கார்ந்து, யாருக்குக் கடுதாசி என்று கேட்டாள். சொன்னேன். "பையன் கோவிச்சுக்கிட்டானா?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போலக் குரலைத் தாழ்த்தி, "நூத்தம்பது கிடக்கட்டும். அவன் கண்டுபுடிக்கற மருந்து முட்டி வலிக்குக் கேக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டு எழுதச் சொல்லு கண்ணு" என்றாள்.

மற்றதற்கெல்லாம் மெதுவாக எழுது சாமி. இதற்கு மட்டும் போய்ச் சேர்ந்த உடனே பதில் போடு. அவள் தினமும் தபால்காரரைக் கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

உன் பதிலுக்கு அவளோடு சேர்ந்து காத்திருக்கும்,
அம்மா